நான்கு கம்ப்யூட்டர்களுக்கு ஒரு நல்ல அறை

போன மாதம் ஒரு காலையில் இரண்டு இளைஞர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் பழைய மாணவர்களாம். பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லேப்டாப் என்று வாங்கிப் பள்ளியிலேயே வைக்கப்போகிறார்களாம். பாதிச் செலவுக்கு வேறு இடத்தில் ஏற்பாடாகிவிட்டது, மீதியை ஊர்தான் போட வேண்டும் என்றார்கள். ஒருவன் கையில் புது ரசீதுக் கட்டு இருந்தது. என் பங்காக எவ்வளவு எழுதலாம் என்று கேட்டான்.

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். பள்ளியில் எத்தனை அறைகள் ஒழுகுகின்றன?

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்திருக்கலாம். விசாரித்துக்கொண்டு அடுத்த வாரம் வருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. இரவு தூக்கமும் இல்லை. இந்த வயதில் வயிறும் தூக்கமும் கெடுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லைதான். ஆனால் இதற்குக் காரணம் இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எங்கள் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் கொல்லயிலில் இருந்தது. இப்போதும் அதே வீடுதான். நான் நெய்யாற்றின்கரையில் மின்சார அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பேருந்தில் போய் மாலையில் திரும்புவேன். போகிற வழியில் எத்தனை கம்பம், எத்தனை தெருவிளக்கு, அதில் எத்தனை எரியவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. எண்ணாமல் இருக்க முடியாததால் எண்ணினேன். என் மனைவி இதை ஒரு தீனம் என்பாள். எங்கள் பக்கத்தில் வியாதிக்குத் தீனம் என்று பெயர்.

எங்களுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் அந்த அரசுப் பள்ளியில் தமிழ் டிவிஷனில் படித்தாள். மற்ற டிவிஷன்கள் எல்லாம் மலையாளம். தமிழுக்கு வகுப்புக்கு ஒரு டிவிஷன். நாங்கள் கடையில் மலையாளம் பேசுவோம், பேருந்தில் மலையாளம் பேசுவோம், சண்டைகூட மலையாளத்தில் நன்றாகவே போடுவோம். வீட்டுக்குள் தமிழ். பிள்ளைகளைத் தமிழில் படிக்கவைக்க ஆசைப்பட்டவர்களில் இந்துக் குடும்பங்களும் உண்டு, பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்த ஆசை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருந்தது. மகள் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுடைய வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். ஏழாம் வகுப்பு முடிக்கும்போது பதினேழு. மற்றவர்கள் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள்.

மகளுக்குக் கணக்கு நன்றாக வந்தது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள சங்கதிகளை அவள் அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிக்காட்டுவாள். மனைவிக்குப் புரியாது, ஆனாலும் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். எட்டாம் வகுப்பும் அதே பள்ளியில், அதே தமிழில் படித்துப் பத்து வரை போய்விட்டால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கு மேல் எதுவும் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கேரளத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் பிள்ளைகளின் தலையை எண்ணுவார்கள். அன்றைக்கு வகுப்பில் இருக்கும் தலைகளை வைத்துத்தான் அந்த வருடம் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் தீர்மானமாகும். தலை குறைந்தால் டிவிஷன் போகும். மகள் போகப்போகும் எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷனுக்கு வேண்டிய எண்ணிக்கையைவிட ஒரே ஒரு பிள்ளைதான் கூடுதலாக இருந்தது. இதை முதலில் சொன்னவர் தமிழ் டிவிஷனில் கணக்கும் அறிவியலும் எடுத்த டீச்சர். மிஷன் சபைக் குடும்பம், கல்யாணம் ஆகாதவர், குரல் மட்டும் பெரியது.

இனி ஒரு வருடம் இப்படியே போனால் தமிழ் இந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்போடு நின்றுவிடும் என்று அவர் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அந்தக் கூட்டத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது.

கொண்டுவந்தவர் சங்கத் தலைவர். கொப்பரை வியாபாரி, நல்ல மனிதர். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் இன்றுவரை நினைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறாத விஷயம். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அவர் சொன்னது எளிய கணக்கு. "நாட்டுல உள்ள பிள்ளேளு எல்லாம் வேன்ல ஏறிப் போவுது. அந்த வேனுக்க பொறத்த என்ன எழுதியிருக்குன்னு பாத்தியளா? கம்ப்யூட்டர் உண்டுன்னு எழுதியிருக்கு. நமக்க பள்ளிக்கூடத்துக்க கேட்டுலயும் அதை எழுதணும். எழுதினா பிள்ளேளு வரும். தமிழும் நிக்கும், மலையாளமும் நிக்கும்."

கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விலையைக் கேட்டேன். நான்கு கம்ப்யூட்டர், அவற்றுக்கு ஸ்டெபிலைசர், மின்சாரம் போனால் தாங்குகிற பெட்டி, மேசை, நாற்காலி, ஏசி. தலைவர் சொன்ன தொகையில் பள்ளியின் ஓட்டுக் கட்டடம் முழுவதற்கும் ஓடு மாற்றிவிடலாம். அதைச் சொன்னேன். பள்ளியில் அப்போது ஒழுகாத அறைகள் நாலே நாலு.

"சாறு சோத்துல கெடக்க கல்ல எண்ணுவாரு, பொறவு சோத்தயும் எண்ணுவாரு" என்றார் தலைவர், என்னைக் காட்டி. சார் என்பதை எங்கள் பக்கத்தில் சாறு என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஓடு மாற்றினேன் என்று எழுதிவைத்தால் எந்தப் பிள்ளை வேனைவிட்டு இறங்கி வரும் என்று அவர் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

பணத்துக்கு ஒரு லேலம் வைத்தார்கள். ஏலத்துக்கு எங்கள் பக்கத்தில் லேலம் என்று பெயர். மிஷன் சபைகளில் அறுப்புப் பண்டிகைக்கு இது உண்டு. வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள், அதைக் கூவி விற்று வருகிற பணம் சபைக்கு. பொருளின் விலைக்கும் லேலத்தின் விலைக்கும் சம்பந்தம் இருக்காது. எடுத்தவன் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டான். மறுபடி விற்கச் சொல்லித் திருப்பிக் கொடுப்பான். ஒரே பூசணிக்காய் அன்றைக்குள் பத்துப் பேருக்குச் சொந்தமாகி, கடைசியில் கூவுகிறவர் வீட்டுக் குழம்புக்குப் போகும். பள்ளி மைதானத்தில் இதை வைத்தபோது எல்லா வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து குவித்தார்கள். சபையில் வழக்கமாகக் கூவுகிறவரே வந்து மேசை மேல் ஏறி நின்றார்.

அன்றைக்கு ஒரு செந்துளுவன் குலை வந்தது. செவ்வாழை. நல்ல நிறம். அதைச் சுற்றி விலை ஏறிக்கொண்டே போனது. தலைவர் ஒரு தடவை எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். தலைமையாசிரியர் ஒரு தடவை. நானும் ஒரு தடவை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

கூவுகிறவர் என்னைக் காட்டிச் சொன்னார். "எலே, கொலையில பழம் எத்தனை உண்டுன்னு சாறுகிட்ட கேளுங்க. அவரு எடுத்ததே எண்ணிப் பாக்கதுக்காக்கும்."

மைதானம் முழுக்கச் சிரித்தது. நான் உண்மையில் எண்ணித்தான் இருந்தேன். அறுபத்திரண்டு. அதில் இரண்டு அணில் கடித்தது.

கடைசியாகக் குலையை எடுத்தவர் பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். முதல் பேருந்தில் போய்க் கடைசிப் பேருந்தில் வருகிறவர். அவருடைய மகளும் என் மகளும் ஒரே பெஞ்சு. அந்தப் பிள்ளைக்கு மழைக்காலத்தில் இழுப்பு வரும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்ன விலை அவருடைய சம்பளத்துக்கு அதிகம். யாரோ பக்கத்தில் நின்று வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு, "பிள்ளேளுக்கு உள்ளதுதானே, எழுதும்" என்றார். அவர் மட்டும் குலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்கும் சிரித்தார்கள்.

பணம் சேர்ந்தது. போதாததற்குத் தலைவர் தன் கையிலிருந்து போட்டார்.

கோடை விடுமுறையில் திருவனந்தபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் விற்பவர்கள் வந்து பள்ளியைச் சுற்றிப்பார்த்தார்கள். தூசி வரக்கூடாது, ஈரம் வரக்கூடாது, ஓட்டுக்கூரை ஆகாது, ஜன்னல்கள் அடைத்திருக்க வேண்டும், ஏசி வேண்டும். இதெல்லாம் இல்லாமல் மெசின் கெட்டுப்போனால் தாங்கள் பொறுப்பல்ல என்று வாரண்டிக் காகிதத்திலேயே இருந்தது. ஒழுகாத நாலு அறைகளில் ஒன்று தலைமையாசிரியர் அறை, ஒன்று அலுவலகம், ஒன்று பத்தாம் வகுப்பு மலையாளம். நாலாவது, பள்ளியின் மேட்டுப்பகுதியான மேல்விளையில் தனியாக நின்ற கான்கிரீட் வார்ப்புக் கட்டடம். மகளின் வகுப்பு ஏழாம் வகுப்பில் அதில்தான் இருந்தது, எட்டாம் வகுப்புக்கும் அதிலேயே இருப்பதாக ஏற்பாடு. மகள் அந்த அறையின் பின்சுவரில் தன் குடைக்கென்று ஓர் ஆணி அடித்திருந்தாள். அதற்காக வீட்டிலிருந்து சுத்தியல் கொண்டுபோய் டீச்சரிடம் திட்டு வாங்கியவள்.

எந்த வகுப்பை மாற்றுவது என்று பேச்சு வந்தபோது அதிக நேரம் ஆகவில்லை. குறைந்த பிள்ளைகள் இருக்கிற வகுப்பை மாற்றுவது சுலபம். பதினேழு பேருக்கு, கஞ்சி காய்ச்சுகிற கஞ்சிப்புரையை ஒட்டிய கொட்டகை போதும் என்று முடிவானது. மத்தியானக் கஞ்சிக்குப் பிள்ளைகள் வரிசையில் உட்காருகிற ஓலைக்கொட்டகை அது. மூன்று பக்கம் அரைச்சுவர், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. புது ஓலை வேய்ந்து கொடுப்பதாகச் சொன்னார்கள். சேர்ந்த பணம் மெசினுக்கும் ஏசிக்குமே சரியாகப் போய்விட்டதால், ஓலை வேய்வது அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போனது.

நான் தலைமையாசிரியரிடம் போனேன். இதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த அறைக்கு ஏசி வேண்டுமென்றால் கூடுதல் மின்சாரம் வேண்டும், புதிய லைன் வேண்டும். அந்த விண்ணப்பம் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்தது. முன்னால் எத்தனை விண்ணப்பங்கள் நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். மழை முடியும் முன் அந்த லைன் வராது. லைன் வராமல் ஏசி ஓடாது, ஏசி ஓடாமல் மெசினைத் தொடக்கூடாது. ஆக, ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழைக்காலம் முழுவதும் அந்த அறை பூட்டித்தான் கிடக்கும். அதுவரை பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும், மெசின்களைப் பெட்டியிலேயே ஒரு மூலையில் வைத்துப் போர்த்திவிடலாம் என்றேன்.

தலைமையாசிரியர் நிதானமாகக் கேட்டார். அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம்தான் பாக்கி. பிள்ளைகளின் காலில் சேறு வரும், ஈரக்குடை வரும், ஒரு மெசின் போனால் ஊருக்கு யார் பதில் சொல்வது என்றார். அறைக்கு ஏற்கெனவே வெள்ளையடித்து, தரையில் பச்சை விரிப்பு ஒட்டியாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று பலகை எழுதியாகிவிட்டது. கேட்டில் "கம்ப்யூட்டர் உண்டு" என்று இரண்டு பாஷையிலும் எழுதி மாலைகூடப் போட்டிருந்தார்கள்.

லைனைச் சீக்கிரம் இழுக்க என்னால் முடியாதா என்று வீட்டில் மனைவி கேட்டாள். "கரண்டாபீசுல இத்தனை வருசமா இருந்துட்டு, ஒரு கம்பிய இழுக்க ஒங்களுக்குக் கழியாதா?" என்றாள். நான் கணக்குப் பார்க்கிறவன், கம்பி இழுக்கிறவன் இல்லை என்று சொன்னேன். மேலே இருந்தவர்களிடம் கேட்டும் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் தாங்காது என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். எல்லோரும் சொன்னது சரியாகவே இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது, மழையும் திறந்தது. எங்கள் ஊரில் இரண்டும் ஒரே நாளில்தான் வரும். முதல் நாள் மகள் நனைந்த பையோடு வந்தாள். இரண்டாம் நாள் பெஞ்சை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்ததாகச் சொன்னாள். நான் அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். கொட்டகையில் பதினொரு இடத்தில் ஒழுகியது. பெரிய ஒழுக்குகளுக்குக் கஞ்சிப்புரைச் சட்டிகளை வைத்திருந்தார்கள். டீச்சர் கரும்பலகையில் எழுதுவார், சாரல் வந்து அழிக்கும். சத்தம் வேறு. அவருடைய பெரிய குரலே மழையில் கேட்கவில்லை. பக்கத்தில் கஞ்சி வேகிற புகை ஈர ஓலைக்குள் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையிலிருந்து பார்த்தால் மேல்விளை வார்ப்புக் கட்டடம் தெரியும். கதவில் புதுப்பூட்டு. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே நான்கு வெள்ளைப் போர்வைகள்.

என்னைப் பார்த்ததும் டீச்சர் வெளியே வந்தார். தலை ஈரமாக இருந்தது. சிரித்தார் என்றே சொல்ல வேண்டும். "சாறே, ஆறாம் நாளைக்கு மழைக்க தலையையும் சேத்து எண்ணச் சொன்னா நமக்கு டிவிஷன் நிக்கும். அது மட்டும் ஒரு நாளும் லீவு போடல்ல" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு பிள்ளை வரவில்லை. வேனுக்குப் போய்விட்டது. நான்காம் நாள் இரட்டைப் பிள்ளைகளாக இருந்த இருவரை அவர்களுடைய மாமன் எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் சேர்த்துவிட்டார். பதினாலு. அத்தோடு எண்ணிக்கை இரண்டு குறைந்தது. டீச்சர் இரண்டு நாளும் மாலையில் குடையோடு வீடு வீடாகப் போனார். மிஷன் சபைக்காரர்கள் இருவரைச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வந்தும் சேர்ந்தார்கள். பதினாறு. ஐந்தாம் நாள் மாலையில் வேண்டிய எண்ணிக்கை சரியாக இருந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் விடியற்காலை முதல் பேருந்துக்குப் போகிற வழியில், லேலத்தில் குலையை எடுத்த பாலராமபுரத்துக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு இரவெல்லாம் இழுப்பு, விடியும் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், மனைவி அங்கே இருக்கிறாள் என்றார். இனி இந்தப் பள்ளிக்கு அனுப்பப்போவதில்லை, தான் வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மலையாளத்தில் சேர்க்கிறேன் என்றார். அதை டீச்சரிடம் சொல்லத் தனக்கு முகம் இல்லையாம். நான் சொல்லிவிட வேண்டுமாம்.

இன்று ஒரு நாள் மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அரைமணி நேரம் அழைத்துவந்து உட்காரவைக்க முடியுமா என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாறே, நான் அண்ணைக்குக் கொலை எடுத்தது பிள்ளேளுக்குன்னு சொல்லித்தான். மெசினை நனையாம வைக்கதுக்குப் பிள்ளைய நனைப்பினும்னு யாரும் எனக்கிட்ட சொல்லல்ல. எனக்க பிள்ளைக்கு மூச்சு வேணும். ஒங்க டிவிஷனுக்கு நான் என்ன செய்ய?" என்றார். பிறகு மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பஸ் வரும், வாறேன்" என்று சொல்லிப் போனார்.

நான் அலுவலகம் போகவில்லை. பள்ளிக்குப் போனேன். டீச்சரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த சாக்கட்டியைச் சட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீருக்குள் போட்டுவிட்டார். தெரியாமல் போட்டார் என்று நினைக்கிறேன்.

கல்வி அலுவலகத்திலிருந்து எண்ண வந்தவரை முதலில் மேல்விளைக்குத்தான் அழைத்துப்போனார்கள். தலைவர் குடை பிடித்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு போர்வையைத் தூக்கிக் காட்டினார்கள். நான் கொட்டகைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெசினைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கிராமத்துப் பள்ளியில் இப்படி ஓர் அறை இந்தத் தாலுக்காவிலேயே கிடையாது என்று பாராட்டினாராம். தலைவர் பின்னால் சொன்னார். அங்கேயே சாயா கொடுக்க முடியாது, ஈரம் ஆகாது, அதனால் தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் குடித்துவிட்டு, ஒவ்வொரு வகுப்பாக எண்ணிக்கொண்டு கடைசியில் கொட்டகைக்கு வந்தார்.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். என் மகள் மூன்றாவது பெஞ்சில் தனியாக நின்றாள். அவர் விரலால் எண்ணினார். அவருடைய உதடுகளோடு என் உதடுகளும் அசைந்தன. ஒரு தலை குறைந்தது.

டீச்சர் மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறது, மழையால் வந்தது, ஒரே ஒரு தலை, ஒரு நாள் பொறுக்க வேண்டும். வந்தவர் கடுமையாகப் பேசவில்லை. ஆறாம் நாள் என்றால் ஆறாம் நாள்தான், தனக்கு வேறு வழி இல்லை என்றார். பிறகு மேலே ஓலையைப் பார்த்தார். இத்தனை நல்ல பள்ளியில் இந்தப் பிள்ளைகளை ஏன் இங்கே உட்காரவைத்தீர்கள் என்று தலைமையாசிரியரிடம் மெதுவாகக் கேட்டார். தலைவர்தான், ஓலை அடுத்த மாதம் வேய்கிறோம் என்றார்.

எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷன் அந்த வாரமே போனது. ஒன்பதும் பத்தும் இருந்த பிள்ளைகளோடு முடியும் என்றார்கள், முடிந்தது. டீச்சரைக் கோட்டுகால் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே அவர் மலையாளத்தில் பாடம் எடுக்க வேண்டும். போகும் முன்னால் வீட்டுக்கு வந்து மகளுக்குத் தன்னுடைய காம்பஸ் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது சிரிக்கவில்லை.

மகளை மலையாள டிவிஷனில் உட்காரவைத்தார்கள். பேசத் தெரிந்த பாஷைதானே, பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பேச்சு வேறு, பாடம் வேறு. அவளுக்குத் தெரிந்த முக்கோணம் அங்கே வேறு எழுத்தில், வேறு சொற்களுக்கு நடுவில் கிடந்தது. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் விடை எழுதிவிடுவார்கள். அவள் கை தூக்குவதை நிறுத்தினாள். அடுப்படியில் அம்மாவிடம் கணக்குச் சொல்வதையும் நிறுத்தினாள். இதை நான் கவனித்ததைவிட மனைவி முன்னதாகவே கவனித்திருந்தாள். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தானாகவே நிறுத்திவிட்டு, "மக்கா, இப்பம் பள்ளிக்கூடத்துல வட்டம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். மகள் இல்லை என்றாள்.

மழை முடிந்து, ஓணமும் முடிந்து, லைன் வந்தது. ஏசி ஓடியது. திறப்பு விழாவும் நடந்தது. ஒவ்வொரு வகுப்பையும் வரிசையாக உள்ளே விட்டு வெளியே விட்டார்கள். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் போடுவதற்குப் பணம் சேர்க்கவில்லை. அதை யாரும் எண்ணியிருக்கவில்லை, நானும்தான். விற்றவர்கள் அனுப்பிய ஒருவர் சில மாதம் வந்தார், பிறகு வரவில்லை. வேனில் போன ஒரு பிள்ளைகூடத் திரும்பி வரவில்லை.

திறப்பு விழா அன்று மாலை மகளிடம் மெசின் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எனக்க குடை ஆணி அங்கயேதான் இருக்குப்பா. அதுல மெசினுக்க போர்வைய மடக்கித் தொங்கவிட்டிருக்காவ" என்றாள்.

பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் தவறினாள். இரண்டாம் தடவை எழுதி ஜெயித்தாள். அதற்குமேல் படிக்க அவளுக்கே மனம் இல்லை. இப்போது கல்யாணமாகி நெய்யாற்றின்கரையில் இருக்கிறாள். ஒரு பெரிய துணிக்கடையில் பில் போடுகிறாள், கம்ப்யூட்டரில்தான். வேலைக்குச் சேர்ந்தபோது அதைக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன். ஒரு வாரம் என்றாள். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றுக்காக அவளிடமிருந்து எதை வாங்கிக்கொண்டார்கள் என்று நான் இன்னும் எண்ணிப் பார்க்கிறேன். இது மட்டும் எண்ணி முடிவதில்லை.

பள்ளிகளுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எழுதிவிடக்கூடாது. வேனில் போகிற பிள்ளை கண்டதை நம் பிள்ளையும் காணட்டும். ஆனால் வாங்குகிற பொருளுக்கு இடம் தேடும்போது அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்களைத்தான் எழுப்புவார்கள். எழுப்பினால் இன்னும் குறைவார்கள். இது எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு, இதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

அந்த இரண்டு இளைஞர்களும் சொன்னபடி அடுத்த வாரம் வந்தார்கள். நல்ல பையன்கள். உண்மையிலேயே விசாரித்திருந்தார்கள்.

"சாறே, ஒரு அறையும் ஒழுகல்ல. இப்பம் எல்லாம் வார்ப்புக் கட்டடமாக்கும்" என்றான் ரசீதுக்காரன்.

பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"அதுதானே சாறே பிரச்சினை. பாதி அறை பூட்டிக் கெடக்கு. நாட்டுல உள்ள பிள்ளேளு எல்லாம் பஸ்ல ஏறிப் போவுது. லேப்டாப் உண்டுன்னு கேட்டுல எழுதினா வருவினும்."

நான் அவனை உற்றுப் பார்த்தேன். கொப்பரை வியாபாரியின் பேரனாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். கேட்கவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தமிழ் இப்போது அங்கே எந்த வகுப்பு வரை இருக்கிறது என்று கேட்டேன். எல்லா வகுப்புக்கும் சேர்த்து மொத்தமே நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரே அறையில், என்றான் மற்றவன்.

பணம் கொடுத்தேன். கொடுக்காமல் அனுப்ப எனக்கு முகம் வரவில்லை. ரசீதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை சரிபார்த்து மேசையில் வைத்தேன். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிய பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று உறைத்தது. அந்த நாலு பிள்ளைகள் இருக்கிற அறை எது? லேப்டாப்களை எந்த அறையில் வைத்துப் பூட்டப்போகிறார்கள்?

கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் பைக் வளைவைத் தாண்டிவிட்டது. மழை தூறத் தொடங்கியிருந்தது.